மெய்ப்பெயர்: ஒரு மாயக் காவியத்தின் முதல் நூலைப் பயிலும் முறை

மாயக் கதைகள் சிறுவர்க்கே உரியவை. அறிவியல் பயிலும் மாணவருக்கு அவற்றால் ஆவதென்ன என்று வினவுவோர் நம் மன்றத்திலேயே பலர் உளர். அவர்களோடு வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே ஒரு நூலை எடுத்துக்கொண்டு, அதை எப்படிப் படிப்பது, எங்கே நின்று படிப்பது, எங்கே விரைந்து செல்வது என்பதை மட்டும் கூற முயல்கிறேன். படித்து முடித்தபின் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

நூலின் பெயர் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ'. எழுதியவர் அமெரிக்க நாட்டு அர்சுலா கே. லெ குவின் அம்மையார். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கென ஒரு கதை வேண்டும் என்று பதிப்பாளர் ஒருவர் கேட்க, அம்மையார் எழுதிக் கொடுத்தார். பெர்க்கிலி நகரின் பர்னாசஸ் அச்சகம் 1968ஆம் ஆண்டில் அதை வெளியிட்டது. ஒரு நூலோடு நில்லாமல் அது ஒரு தொடராக வளர்ந்தது. 1971, 1972, 1990 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு நாவலும், 2001இல் ஒரு கதைத் தொகுதியும் ஒரு நாவலும் வந்தன. முதல் நூலுக்கும் கடைசி நூலுக்கும் இடையே முப்பத்துமூன்று ஆண்டுகள்! அம்மையார் 2018ஆம் ஆண்டு சனவரியில் தம் எண்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

முதல் நூல் சிறியது. பத்தே அதிகாரங்கள்; பக்கங்கள் ஏறத்தாழ இருநூறு. காவியக் கதை என்றாலே தலையணை போன்ற புத்தகம் என்று அஞ்சி ஒதுங்கியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. சென்ற பருவத்தில் நாங்கள் அறுவர், ஞாயிறுதோறும் விடுதியின் மொட்டை மாடியில் கூடி, வாரத்துக்கு ஓர் அதிகாரமாகப் படித்தோம். மூவர் அறிவியல் மாணவர், ஒருவர் பொருளாதாரம், இருவர் வரலாறு. அந்தப் படிப்பில் எழுந்த எண்ணங்களே இங்கு உள்ளவை. கதையின் முடிவைக் கூறாமல் இப்பாடத்தை எழுத இயலாது. முடிவு தெரியாமல் படிக்க விரும்பும் நண்பர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு, நூலைப் படித்துவிட்டுத் திரும்பி வருக.

முதலில் நிலப்படத்தைப் பாருங்கள். அது ஏதோ அலங்காரத்துக்காகச் சேர்த்தது அன்று. ஆசிரியர் தாமே வரைந்தது. அந்த உலகில் பெருநிலம் என்று ஒன்று இல்லை. எங்கு நோக்கினும் தீவுகள். கதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும்போதெல்லாம் கப்பலும் காற்றும் வேண்டும். எங்களுள் ஒருவர் நிலப்படத்தைப் பெரிதாக நகலெடுத்து, நாயகன் சென்ற வழியைச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டே வந்தார். வடகிழக்கே கான்ட் என்னும் மலைத்தீவில் தொடங்கும் கோடு, நடுவிலுள்ள ரோக் தீவுக்கு வந்து, மேற்கே போய், வடக்கே ஓடி, மீண்டும் கான்ட் தீவைத் தொட்டு, கடைசியில் நிலப்படத்தின் கிழக்கு விளிம்பையும் தாண்டி வெள்ளைத் தாளில் முடிகிறது. அந்தக் கோட்டைப் பார்த்தாலே கதை பாதி விளங்கும். முற்பகுதியில் அது ஒருவன் ஓடிய கோடு. பிற்பகுதியில் அவன் துரத்திய கோடு.

மொழிபெயர்ப்பில் ஒரு தொல்லை உண்டு. 'விஸார்ட்' என்பதை மந்திரவாதி என்று சொன்னால், நமக்கு வேப்பிலையும் உடுக்கையும் எலுமிச்சம்பழமும் நினைவுக்கு வந்துவிடும். இந்நூலில் வருபவர்களோ பல ஆண்டுகள் பள்ளியில் அமர்ந்து கற்றுத் தேர்ந்தவர்கள். ஆகவே அவர்களை வித்தகர் என்றே இங்கு குறிக்கிறேன்.

கதை இது. கான்ட் தீவின் ஒரு மலைச் சிற்றூரில், வெண்கலக் கொல்லர் ஒருவரின் கடைசி மகன், தாயை இழந்த பிள்ளை. வீட்டில் வைத்த பெயர் டனி. ஏழு வயதில், சிற்றன்னை ஆட்டை அழைக்கச் சொன்ன சொற்களைக் கேட்டு, பொருள் அறியாமலே தானும் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் வருகின்றன. வந்தவை போக மறுக்கின்றன. அச்சொற்களுக்குத் தன்னிடம் ஆற்றல் உண்டு என்று அன்று தெரிகிறது. பருந்தினங்களை அழைத்து விளையாடுவதைக் கண்ட ஊர்ப்பிள்ளைகள் அவனுக்கு வல்லூறு என்று பெயர் இடுகிறார்கள். பன்னிரண்டு வயதில், படையெடுத்து வந்த வெள்ளை நிறத்துக் கார்க் வீரர்களை மூடுபனி எழுப்பிக் குழப்பி, ஊரைக் காக்கிறான். பதின்மூன்றாம் ஆண்டு நிறைவில் ஓகியன் என்னும் பெரியவர் அவனைக் குளிர்ந்த சுனைநீரில் நடத்தி, அவன் மெய்ப்பெயரை அவன் காதில் மட்டும் சொல்கிறார்: கெட்.

இங்கே ஓர் இடைச்சொல். முதல் எழுத்தை இந்தி வகுப்பில் நாம் படித்த மூன்றாம் ககரமாக ஒலிக்க வேண்டும். நம் எழுத்தில் எழுதினால் கெடுதல், கேடு எல்லாம் நினைவுக்கு வந்து தொலைக்கின்றன. அது போலவே பின்னால் வரும் ஒரு பெண்ணின் பெயர் ஒரு செடியின் ஆங்கிலப் பெயர். தமிழில் எழுதினால் 'யாரோ' என்றாகிறது. மெய்ப்பெயரை மறைத்து வாழும் உலகில் ஒருத்திக்கு யாரோ என்று பெயர் இருப்பது எவ்வளவு பொருத்தம்! ஆசிரியர் தமிழ் அறியாதவர்; ஆனால் எங்கள் மாடியில் அன்று எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

இனி நூலின் உயிர்நிலைக்கு வருவோம். அந்த உலகில் ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வோர் உயிருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. உலகம் படைக்கப்பட்ட தொன்மொழியில் அமைந்த பெயர் அது. அதை அறிந்தவன் அப்பொருளை ஆள்வான். ஆகவே மனிதர் தம் மெய்ப்பெயரை வெளியே சொல்வதில்லை. ஊருக்கு ஒரு பெயர். உயிருக்கு ஒரு பெயர்.

இது நமக்குப் புதிதன்று. கணவன் பெயரைச் சொல்லாத பாட்டிமாரை நாம் அறிவோம். கொடிய நோய்க்கு நேர்ப்பெயர் சொல்ல அஞ்சி, அதை அம்மை என்று தாயாக்கி அழைத்தவர்கள் நம் முன்னோர். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்பதும் நம் ஊர் வழக்கமே. ஆனால் நாவலில் பெயர் என்பது வெறும் அச்சமோ வழக்கமோ அன்று. அது ஒரு கல்வி. ரோக் தீவின் வித்தகர் பள்ளியில் ஒன்பது ஆசான்கள். காற்றை ஆளக் கற்பிப்பவர் ஒருவர். மூலிகை கற்பிப்பவர் ஒருவர். உருமாற்றம் கற்பிப்பவர் ஒருவர். இவர்களுள் எனக்கு மிகவும் பிடித்தவர் பெயராசான். அவர் தீவின் கோடியில் ஒரு தனிக் கோபுரத்தில் இருக்கிறார். மாணவர் அங்கே சென்று, மலைகள், முனைகள், ஓடைகள், செடியின் இலை, இதழ், வேர் என ஒவ்வொன்றின் பெயராக நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டும். நள்ளிரவில் மை தானே மறைந்துவிடும். மறுநாள் புதிய பட்டியல். தனிம அட்டவணையையும் கரிம வினைகளையும் இரவெல்லாம் உருப்போட்டவர்கள் இவ்வதிகாரத்தைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்!

அந்தக் கோபுரத்தில் ஆசான் சொல்லும் ஓர் எடுத்துக்காட்டை அனைவரும் நின்று படிக்க வேண்டும். கடல் நுரைக்கு அம்மக்கள் வழங்கும் சொல் 'சுக்கியன்'. தொன்மொழியில் 'சுக்' என்றால் இறகு. 'இனியன்' என்றால் கடல். கடலின் இறகு நுரை. எவ்வளவு அழகிய சொல்! ஆனால் அச்சொல்லால் நுரையை ஆள முடியாது என்கிறார் ஆசான். நுரையின் மெய்ப்பெயர் வேறு, அது 'எஸ்ஸா'.

நன்னூல் படித்த நமக்கு இது எளிதில் விளங்கும். பறப்பதால் பறவை, நான்கு கால் இருப்பதால் நாற்காலி. இவை காரணப்பெயர். மரம், மண் என்பன இடுகுறிப்பெயர். சுக்கியன் என்பது தெளிவாகக் காரணப்பெயர்தான். அப்படியானால் எஸ்ஸா இடுகுறியா? இல்லை என்பதே என் எண்ணம். இடுகுறியை இட்டவர் மனிதர்; வேறொன்றை இட்டிருந்தாலும் பொருள் அப்படியே இருந்திருக்கும். எஸ்ஸாவை யாரும் இடவில்லை. அதை மாற்றினால் நுரையே வேறாகிவிடும். கூழாங்கல்லை வைரம் ஆக்கிக் காட்டும் கண்கட்டுக் கலை ஆசான், உண்மையாகவே கல்லை வைரமாக்க வேண்டுமானால் அதன் மெய்ப்பெயரையே மாற்ற வேண்டும், அதைச் செய்தால் உலகத்தையே மாற்றியதாகும் என்று இளைஞனை எச்சரிப்பது இதனால்தான். நன்னூலில் இடமில்லாத மூன்றாம் வகைப் பெயர் இது. மொழியியலில் அப்படி ஒன்று இல்லை, கதையில் இருக்கிறது. கதை எழுதுவதன் பயன் இதுதான் போலும்.

நான் வேதியியல் மாணவன். என் துறையும் பெயரிலேயே தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது. 1787இல் கித்தோன் தெ மொர்வோ, லவாசியே, பெர்த்தொலே, ஃபூர்க்ருவா என்னும் பிரெஞ்சு அறிஞர் நால்வர் கூடி, வேதிப் பொருள்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்தனர். அதற்குமுன் ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர், கடைக்கு ஒரு பெயர். இன்று எத்தனால் என்று சொன்னால், 'எத்' என்பதில் இரண்டு கார்பன், 'ஆன்' என்பதில் ஒற்றைப் பிணைப்பு, 'ஆல்' என்பதில் ஹைட்ராக்சில் தொகுதி என்று பெயரே அமைப்பைச் சொல்கிறது. பெயரைக் கேட்டவன் பொருளை வரைந்துவிடலாம். பெயராசான் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் அப்படி விரைந்து மகிழக் கூடாது. அதே லவாசியே ஆக்சிஜனுக்கு இட்ட பெயரின் பொருள் 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்பது. எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று அவர் நம்பினார். 1810ஆம் ஆண்டளவில் ஹம்ஃப்ரி டேவி, குளோரின் ஒரு தனிமம் என்றும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்றும் காட்டினார். காரணம் பொய்த்தது, காரணப்பெயர் நிலைத்துவிட்டது. இருநூறு ஆண்டுகளாக உலகம் முழுவதும் பொய்ப்பெயரால் மூச்சு விடுகிறது! நாம் பிராணவாயு என்றும் உயிர்வளி என்றும் சொன்னது அதைவிடச் சரி. ஆகவே அறிவியலில் பெயர் என்பது அறிவின் முடிவன்று. அந்த நேரத்து நம் கருத்து. நாவலில் பெயரே பொருள். இந்த வேறுபாட்டை மறந்து, இந்நூலை அறிவியலின் உருவகம் என்று எழுதுவோரோடு நான் உடன்படவில்லை.

அறிவியலுக்கு நெருக்கமான இடம் வேறொன்று உண்டு. பள்ளிக்கு வருமுன் ஓகியனிடம் இருந்தபோது, வழியில் ஒரு செடியைக் காட்டி இதனால் என்ன பயன் என்று கேட்கிறான் இளைஞன். வேரும் இலையும் பூவும் விதையும், காட்சியும் மணமும், எல்லாப் பருவத்திலும் அறிந்தபின் அல்லவோ அதன் மெய்ப்பெயரைக் கற்க முடியும் என்பது பெரியவரின் விடை. பயன் என்ன என்ற கேள்வியையே அவர் திருப்பிக் கேட்பவன் மேல் வைக்கிறார்: உன்னால் என்ன பயன்? மழை பெய்தால் அதை விரட்டாமல் மரத்தடியில் படுத்து உறங்குகிறார் அவர். இளைஞனுக்குப் பொறுக்கவில்லை. மழையைக்கூட நிறுத்தாத ஆற்றல் என்ன ஆற்றல் என்று எண்ணுகிறான். எங்களுள் மூவர் அன்று இளைஞன் பக்கம் பேசினர். ஐந்து அதிகாரம் கடந்தபின் ஒருவர்கூட அவன் பக்கம் இல்லை.

நூல் முழுவதும் சமநிலை என்ற கருத்து வருகிறது. ஒன்றை மாற்றினால் வேறெங்கோ ஒன்று அசையும் என்பது அது. அச்சொல்லைக் கண்டதும் லெ சாத்தலியே விதியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அம்மையார் இதை எடுத்தது சீனத்துத் தாவோ நெறியிலிருந்து. அந்நெறியின் முதல் நூலாகிய தாவோ தே சிங்கைப் பின்னர் 1997இல் தாமே ஆங்கிலமாக்கி வெளியிட்டார்.

பெயர் குறித்த எண்ணத்துக்கு அவர் வீட்டிலேயே ஒரு பழைய செய்தி இருந்தது. அவர் தந்தையார் ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியல் அறிஞர். 1911ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரில், தம் குலம் முழுவதும் அழிக்கப்பட்டபின் தனியே எஞ்சிய யாகி இனத்தவர் ஒருவர் காட்டிலிருந்து வந்தார். குரோபரும் பிறரும் அவரை அருங்காட்சியகத்தில் தங்க வைத்து, அவர் மொழியைக் கற்றனர். அவர் தம் பெயரை மட்டும் சொல்லவில்லை. அது அவர் இன வழக்கன்று. ஆகவே குரோபர் அவரை இஷி என்று அழைத்தார். அவர் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். 1916இல் காசநோயால் அவர் இறந்தபோது அப்பெயரும் அவரோடு போயிற்று. அர்சுலா பிறந்தது 1929இல். அவர் இஷியைக் கண்டதில்லை. ஆனால் தாயார் தியடோரா குரோபர் இஷியின் வரலாற்றை எழுதி 1961இல் வெளியிட்டார். எர்த்சீ இதிலிருந்து பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெயரைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது ஒரு மனிதனுக்குக் கடைசிச் சொத்தாக இருக்க முடியும் என்பது அந்த வீட்டில் அறியப்பட்ட செய்தி.

நம் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையார் பெயரின் முதல் எழுத்து நம் தலைப்பெழுத்து, அவ்வளவே. இங்கு வந்து சேர்ந்த அன்று படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் நிரப்பினால்தான் படிவம் செல்லும். தந்தையார் பெயரை இரண்டாம் கட்டத்தில் எழுதினேன். நம்மில் பெரும்பாலோர் செய்ததும் அதுவே. அதன்பின் ஆய்வகத்தில் என்னை எல்லாரும் என் தந்தையார் பெயரால் அழைக்கிறார்கள். ஊரில் நான் பிறர் எதிரில் உரக்கச் சொல்லத் தயங்கும் பெயர் அது. இங்கே "குடுவையைக் கழுவினாயா?" என்ற கேள்வியோடு நாளும் அது என் காதில் விழுகிறது. வீட்டில் அம்மா கூப்பிடுவது ஒரு பெயர், ஊர்ப்பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். டனி, கெட், வல்லூறு என்று மூன்று பெயரோடு திரியும் பையனைப் படித்தபோது, பொருளாதாரம் படிக்கும் நண்பர், "இவன் நம்ம ஊர்க்காரன்தான்டா" என்றார்.

இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் இவ்வாண்டு என் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சேற இருக்கிறது. மேற்கோள் காட்டுவோர் குடும்பப்பெயரை முழுமையாகவும் முதற்பெயரை ஒற்றை எழுத்தாகவும் எழுதுவது முறை. என் தந்தையார் ஒரு நாளும் ஆய்வகத்துக்குள் நுழைந்ததில்லை. உலகம் அறியப் போவது அவர் பெயரை. நான் ஓர் எழுத்தாகவும் ஒரு புள்ளியாகவும் நிற்பேன். தலைகீழாக மாற்றி, என் பெயரைக் குடும்பப்பெயரின் இடத்தில் வைக்கலாம் என்கிறார் ஒரு மூத்த மாணவர். அப்படிச் செய்தால் பட்டச் சான்றிதழோடு பொருந்தாது என்கிறார் இன்னொருவர். முதல் கட்டுரையில் எப்படி அச்சாகிறதோ அப்படியே வாழ்நாள் முழுவதும் செல்ல வேண்டும். இம்மாத இறுதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். தந்தையாரிடம் தொலைபேசியில் கேட்டேன். "உன் பேர வச்சது நான்தானே, அதையே போடு" என்றார். அதையே போடுவதாகத்தான் எண்ணம். சான்றிதழுக்கு என்ன வழி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நாவலுக்கு மீள்வோம். பள்ளியில் ஜாஸ்பர் என்னும் மாணவனின் ஏளனம் பொறுக்காமல், தன் ஆற்றலைக் காட்ட இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான் கெட். வந்தது அவள் மட்டுமன்று. உலகின் கிழிசல் வழியே முகமற்ற ஒரு நிழல் பாய்ந்து வந்து அவனைக் குதறுகிறது. கிழிசலை மூடுவதில் பள்ளியின் தலைவர் நெம்மெர்லி உயிர் துறக்கிறார். நான்காம் அதிகாரத்தில் நடப்பது இது. எஞ்சிய நூல் முழுவதும் அந்த நிழலின் கதை.

இங்கிருந்து நூலை ஒரு கணக்கைப் போடுவது போலப் படியுங்கள். கணக்கு இது: நிழலுக்குப் பெயர் உண்டா? உண்டென்றால் அதை ஆளலாம், இல்லையென்றால் வழியில்லை. பள்ளியின் புதிய தலைவர் அதற்குப் பெயர் இல்லை என்கிறார். ஓகியன் பெயர் இல்லாத பொருள் இல்லை என்கிறார். பெண்டார் தீவின் கிழட்டுப் பறவைநாகம், எனக்குத் தெரியும், சொல்கிறேன், என்னை விட்டுவிடு என்று பேரம் பேசுகிறது. நாகங்கள் தொன்மொழியிலும் பொய் சொல்ல வல்லவை. மனிதர்க்கு அது இயலாது. ஆகவே நாகத்தின் சொல்லை நம்பலாமா என்பதும் கணக்கில் சேர்கிறது. கெட் பேரத்தை மறுத்து, தான் காக்க வந்த எளிய தீவு மக்களுக்காக, இனி மனிதர் வாழும் தீவுகள் பக்கம் வராதே என்று நாகத்தின் மெய்ப்பெயரால் கட்டிவிடுகிறான். தன் உயிரைக் காக்கும் ஒரே விடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அந்த மக்களின் அச்சத்தைத் தீர்க்கும் அந்த இடம், ஐந்தாம் அதிகாரத்தில், இந்நூலில் எனக்கு மிகவும் பிடித்தது. வாளால் வென்ற வீரனைப் பாடிய கதைகள் எத்தனையோ உண்டு. இப்படிப்பட்ட பேரத்தைக் கண்டதில்லை.

விடைக்கான குறிப்பு அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. நாங்கள் முதல் முறை படித்தபோது அதை யாரும் பிடிக்கவில்லை. ஆஸ்கில் தீவில் கெட்டுக்கு வழிகாட்டி வருகிறான் ஒருவன். அவன் உடலுக்குள் நிழல் புகுந்திருக்கிறது. திடீரெனத் திரும்பி அவனை மெய்ப்பெயரால் அழைக்கிறது. அந்தப் பெயரால் கட்டுண்டு, கெட் உருமாறவும் முடியாமல் தவிக்கிறான். அந்தப் பெயரை அறிந்தவர் ஒருசிலரே. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பின் நிழலுக்கு எப்படித் தெரிந்தது? இக்கேள்வியை அங்கேயே நிறுத்திக் கேட்டால் முடிவு கையில் கிடைத்துவிடும். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது அதனுடைய பெயரும்தான். தொடக்கத்தில் முகமற்றிருந்த நிழல், போகப் போகக் கெட்டின் சாயலைப் பெறுகிறது. நிலப்படத்துக்கு அப்பால், கடல் மணலாகிவிட்ட ஓரிடத்தில், இருவரும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. படகில் உடன்வந்த நண்பன் வெட்ச் அதைப் பார்த்து நிற்கிறான்.

வெட்ச் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எல்லாரும் அஞ்சி ஒதுங்கிய காலத்தில், உடைந்து கிடந்த கெட்டிடம் வந்து, கேளாமலே தன் மெய்ப்பெயர் எஸ்டாரியோல் என்று சொன்னவன் அவன். தன் உயிரைக் கையில் கொடுப்பதற்கு ஒப்பானது அது. நூலில் மந்திரங்கள் பல உண்டு. இதற்கு ஈடானது இல்லை.

குறைகளும் உண்டு. ரோக் பள்ளியில் பெண்கள் இல்லை. ஊர்ப் பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்று முதல் அதிகாரத்திலேயே பழமொழிகள் வருகின்றன. வரலாறு படிக்கும் தோழியார் இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவைத்து, "ஆட்டுக்குச் சொன்ன சொல் சிற்றன்னையிடம் கற்றது தானே?" என்று கேட்டார். சரியான கேள்வி. எங்களிடம் விடையில்லை. ஆசிரியரும் இக்குறையை உணர்ந்திருக்கிறார். 1990இல் வெளிவந்த நான்காம் நூலாகிய 'டெகானு'வில் அதே உலகத்தைப் பெண்ணின் பக்கம் நின்று பார்த்தார்.

இன்னொரு செய்தியைப் பலர் கவனியாமலே படித்து முடிக்கிறார்கள். நாயகன் செம்மண் நிறத்தவன். வெட்ச் நல்ல கறுப்பு. வெள்ளையர் என்றால் கொள்ளையடிக்க வரும் கார்க் மக்கள். ஆசிரியர் இதைப் பறைசாற்றவில்லை. கதை ஓட்டத்தில் ஆங்காங்கே ஒரு சொல்லாக வைத்துப் போகிறார். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இக்கதை தொடராக வந்தபோது வெள்ளை நடிகரை நாயகனாக்கிவிட்டார்கள். அம்மையார் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். நிறத்தைச் சொல்லி இங்கே நாம் கேட்கும் கேலிகளை நான் விரிக்க வேண்டியதில்லை. 1968லேயே ஒருவர் கறுத்த நண்பனை உலகின் விளிம்புவரை கூட வரும் துணையாக வைத்து எழுதியிருக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்க.

படிக்கும் முறை பற்றி ஓரிரு சொல். தொடக்கத்தில் அந்த உலகத்துப் பாடல் என்று சில வரிகள் தந்திருக்கிறார், முதலில் விளங்காது. பத்தாம் அதிகாரம் முடித்ததும் திரும்பிச் சென்று படியுங்கள். ஆறு, எட்டு ஆகிய அதிகாரங்களில் கடற்பயணம் நீளும். நிலப்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விரைந்து செல்லலாம். மூன்றாம் அதிகாரத்தை மட்டும் விரையாதீர்கள். அதில் பள்ளிக்குள் நுழைய வாயில் காப்போனிடம் தன் மெய்ப்பெயரைச் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து வெளியேறும்போதோ, வாயில் காப்போனின் மெய்ப்பெயரைச் சொல்ல வேண்டும். எல்லாக் கலையும் கற்ற கெட், எந்த மந்திரத்தாலும் அவரை வெல்ல முடியாது என்று உணர்ந்து, கடைசியில் உங்கள் பெயர் என்ன என்று அவரையே கேட்டுவிடுகிறான். அவரும் சொல்லிவிடுகிறார். வாய்மொழித் தேர்வுக்குச் செல்லும் ஆய்வு மாணவர்கள் இவ்விடத்தை இருமுறை படிக்கலாம்.

அடுத்த பருவத்தில் இரண்டாம் நூலை எடுக்கிறோம். அதில் டெனார் என்னும் ஒரு சிறுமியைக் கோயிலுக்குக் கொண்டுபோய், அவள் பெயரை எடுத்துவிட்டு, விழுங்கப்பட்டவள் என்ற பொருள்பட ஆர்கா என்று அழைக்கிறார்கள். முதல் கூட்டம் பருவம் தொடங்கிய பின் வரும் முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணி, மொட்டை மாடி. நிலப்படத்தின் நகல்கள் என்னிடம் இருக்கின்றன. கேட்போர் ஆய்வகத்தில் கேட்கலாம்; என் தந்தையார் பெயரைச் சொன்னால் காட்டுவார்கள்.